கவுன்சிலின் திட்டமிடல் கமிட்டியில் பேசிய அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

லண்டன் நண்பர்களே, எங்கள் வரிசையில் ஒரு வீட்டை எட்டுப் பேருக்கான வாடகை அறைகளாக்க விண்ணப்பம் வந்திருக்கிறது. ஆறு பேருக்கு மேல் என்பதால் கவுன்சிலின் திட்டமிடல் அனுமதி (planning permission) கட்டாயம். கருத்துச் சொல்ல 21 நாள்தான்.

தெருவில் பலர் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போடப் பார்க்கிறார்கள். வீட்டு விலை இறங்கும், வருகிறவர்கள் எப்படிப்பட்டவர்களோ என்பதெல்லாம் கவுன்சிலில் எடுபடாது (இரண்டாவதை எழுதாமல் இருப்பதே மரியாதை). பார்க்கிங், குப்பைத் தொட்டிக்கு இடம், சத்தம், பக்கத்து வீட்டு அந்தரங்கம், வெளிச்சம் என்றால் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் கவுன்சில் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும்.

பார்க்கிங்குக்கு லாம்பெத் முறையில் (லண்டனின் லாம்பெத் கவுன்சில் வகுத்த, தெருவில் கார் நிறுத்த எவ்வளவு இடம் மிச்சம் என்று எண்ணும் முறை) கணக்கெடுக்கலாம் என்றிருக்கிறோம்: வார நாட்களில் இரண்டு இரவு, 12.30 மணிக்கு மேல், 200 மீட்டர் நடை தூரத்துக்குள், ஒரு காருக்கு 5 மீட்டர் இடம் என்று. இதற்கான படிவம் யாரிடமாவது இருக்கிறதா?

பெரும்பாலான விண்ணப்பங்களை அதிகாரியே முடித்துவிடுவார். கமிட்டிக்குக் கொண்டுபோக வார்டு கவுன்சிலர் காரணத்தோடு எழுதிக் கேட்பதுதான் நம்பகமான வழி. அவருக்கு அனுப்பிய கடிதம் இருந்தால், பெயரை மறைத்துப் பகிருங்கள். அனுமதி கொடுத்துவிட்டால் எதிர்த்தவர்களுக்கு அப்பீல் கிடையாது. அது விண்ணப்பதாரருக்கு மட்டும்தான்.

கமிட்டியில் பேச மூன்று நிமிடம் கிடைத்தால் எதை முதலில் சொல்வது?