இன்சூரன்ஸ் இல்லாத குட்டி யானை (சின்ன லோடு வண்டி) இடித்தது. 15,000 வாங்கிக்கொண்டு விட்டுவிடலாமா?

எழுதியவர்: நூல்கண்டு, திருப்பூர்

வணக்கம். கேட்க வேண்டியது ஒன்றுதான், ஆனால் நடந்ததைச் சொல்லாமல் கேட்டால் புரியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது நாளைக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை, கோபியில் சித்தி மகள் நிச்சயதார்த்தம். முடித்துவிட்டு நானும் அம்மாவும் திரும்பி வந்துகொண்டிருந்தோம். நான்தான் ஓட்டினேன். அம்மா பின் சீட்டில் இடது பக்கம். முன்னால் உட்கார்ந்தால் ஏசி காற்று முழங்காலுக்கு ஆகாதாம். குன்னத்தூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஒரு தோட்டத்து இட்டேரியிலிருந்து (வேலிகளுக்கு நடுவே வரும் மண் தடம்) தேங்காய் ஏற்றிய குட்டி யானை ஒன்று நிற்காமல் நேராக மெயின் ரோட்டுக்கு ஏறிவிட்டது. பிரேக் அடித்து வலப்பக்கம் ஒடித்தேன். அப்படியும் பின் கதவில் வாங்கிக்கொண்டது. கண்ணாடி தூள். அம்மா கதவில் கையை ஊன்றியிருக்கிறார், இடது மணிக்கட்டு போய்விட்டது.

தேங்காய் ரோடு முழுக்க உருண்டது. நின்ற பைக்காரர்கள் முதலில் தேங்காயைத்தான் பொறுக்கி ஓரமாகப் போட்டார்கள். அப்புறம்தான் ஒருவர் வந்து உள்ளே எட்டிப் பார்த்து, "அம்மாவுக்குக் கை வீங்குதுங்க" என்றார்.

ஓட்டி வந்த பையனுக்கு 22 வயது இருக்கும். லைசென்ஸ் இருக்கிறது. "அக்கா, நான் பார்க்கலைங்க்கா" என்று அங்கேயே ஒத்துக்கொண்டான். இன்சூரன்ஸ் பேப்பர் கேட்டதும் முகம் மாறியது. வண்டி விவரம் காட்டும் அரசின் எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டேன். இன்சூரன்ஸ் ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. உரிமையாளர் பெயர் பாதி எழுத்தும் பாதி நட்சத்திரமுமாக வந்தது. ஆனாலும் அது இவர்கள் வீட்டுப் பெயர் இல்லை என்று தெரிந்தது. கேட்டால், தாராபுரத்தில் ஒருவரிடம் இரண்டு வருடம் முன்பு வாங்கியதாம், பெயர் இன்னும் மாற்றவில்லையாம்.

அம்மாவுக்கு முதல் இரண்டு நாள், விபத்தில் அடிபட்டவர்களுக்கான அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் பணம் இல்லாமல் பார்த்தார்கள். வீக்கம் வடிந்து நான்காம் நாள்தான் பிளேட் வைத்தார்கள். அது கைக்காசு, 78,000. ஆபீஸ் மெடிக்கல் இன்சூரன்ஸில் அம்மா இல்லை.

காருக்கு (வேகன் ஆர், 2021) ஒர்க் ஷாப்பில் 56,000 சொல்கிறார்கள். எனக்கு முழு பாலிசி இருக்கிறது, நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காமல் இருந்தால் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) 45 சதவீதத்தில் நிற்கிறது. ஆனால் போன முறை 1,800 ரூபாய் மிச்சம் பிடிக்க ஜீரோ டெப்பை (தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் கூடுதல் வசதி) வேண்டாம் என்று விட்டுவிட்டேன். யாரும் திட்ட வேண்டாம், தினமும் நானே திட்டிக்கொள்கிறேன்.

ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பதிவானதற்கான சீட்டு) வாங்கியிருக்கிறேன். எஃப்.ஐ.ஆர். போடவா என்று கேட்டார்கள், யோசித்துச் சொல்கிறேன் என்று நானே சொல்லிவிட்டு வந்தேன். குட்டி யானை அங்கேதான் நிற்கிறது.

இப்போது விஷயம். முந்தாநாள் பையனின் அப்பா வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு பூவன் பழம். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. "அம்மிணி, 15,000 இருக்குதுங்க, வாங்கிக்கிட்டு கேஸ் வேண்டாம்னு எழுதிக் கொடுத்திடுங்க, வண்டியை எடுத்தாத்தான் லோடு" என்றார். அம்மா கட்டுப் போட்ட கையோடு, "நம்ம தம்பி வயசு கண்ணு, விட்டுடு" என்கிறார். தம்பி வேண்டவே வேண்டாம் என்று சண்டை போடுகிறான்.

எழுதிக் கொடுத்தால் என் இன்சூரன்ஸில் காருக்கு வாங்க முடியுமா? கேஸ் போட்டால் இல்லாதவர்களிடம் என்ன கிடைக்கும்?

—

பதில்: பழைய சர்வேயர், ஈரோடு

நூல்கண்டு அம்மா, எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஏன் என்றால், உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி உங்களுக்குப் பணம் கொடுத்த பிறகு, இடித்தவரிடம் அதைத் திரும்பக் கேட்கும் உரிமை கம்பெனிக்குப் போய்விடும். 'எனக்கு ஒன்றும் வேண்டாம்' என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் அந்த உரிமையை நீங்களே வெட்டிவிட்டதாக ஆகும். அதைக் காட்டி கிளெய்மை மறுக்க அவர்களுக்கு வழி கிடைக்கும். நான் 26 வருடம் இன்சூரன்ஸ் சர்வேயராக, வண்டிச் சேதத்தை மதிப்பிடும் வேலை பார்த்தவன். கடைசியில் பேப்பர்தான் பேசும்.

இதுவரை கம்பெனிக்குத் தகவல் சொல்லவில்லை என்றால் இன்றே சொல்லுங்கள். சர்வேயர் வந்து பார்க்கும்வரை ஒர்க் ஷாப்பில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள்.

உங்கள் 56,000 கணக்கைத் தனிச் செய்தியில் அனுப்பியிருந்தீர்கள், இங்கேயே போடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். கதவு 14,000. கார் நான்கு வயதைத் தாண்டி ஐந்துக்குள் இருப்பதால் உலோகத்துக்கு 35 சதவீதம் தேய்மானம், 4,900 போகும். பம்பர் 5,000, பிளாஸ்டிக்குக்குப் பாதி, 2,500 போகும். கண்ணாடி 3,000, அதில் தேய்மானமே கிடையாது. டிங்கரிங், பொருத்தும் கூலி 22,000, முழுசாக வரும். பெயிண்ட் 12,000; கூலியும் பொருளும் சேர்ந்த பில் என்றால் கால்வாசியைப் பொருள் என்று எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், 1,500. அப்புறம் 1,500 சிசிக்கு உட்பட்ட கார் என்பதால் கட்டாயக் கழிவு 1,000. ஆக 9,900 உங்கள் கையிலிருந்து, 46,100 கம்பெனியிலிருந்து. ஜிஎஸ்டி, சில்லறை எல்லாம் சேர்த்தால் கொஞ்சம் மாறும்.

போனஸ் போகிறதே என்று பயம் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கிளெய்ம் இல்லாவிட்டால் அடுத்த வருடம் முதல் 50 சதவீதம் தள்ளுபடி. கிளெய்ம் எடுத்தால் 0, 20, 25, 35, 45 என்று மறுபடி ஏற வேண்டும். ஐந்து வருட வித்தியாசத்தைக் கூட்டினால் 125 சதவீதம். தள்ளுபடிக்கு முந்தைய ஓ.டி. பிரீமியம் (சொந்த வண்டிச் சேதத்துக்கானது) உங்களுக்கு 8,200 என்றீர்கள். அதிகபட்சம் 10,250 நஷ்டம். கார் பழசாகப் பழசாக பிரீமியம் குறையும், அவ்வளவுகூட ஆகாது. 46,100-ஐ விட்டு 10,250-ஐக் காப்பாற்ற வேண்டாம்.

இன்சூரன்ஸ் எப்படி விட்டுப்போகிறது என்பதையும் சொல்கிறேன். கோவை எலும்பு மருத்துவர் ராஜசேகரன் போட்ட பொதுநல வழக்கில்தான் 2018 செப்டம்பரிலிருந்து புது காருக்கு 3 வருடம், பைக்குக்கு 5 வருடம் மூன்றாம் நபர் காப்பீட்டை (நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் நஷ்டத்துக்கானது) ஒரேயடியாக எடுக்க வேண்டும் என்று வந்தது. லோடு வண்டிக்கு அந்த ஏற்பாடு இல்லை. வருடா வருடம் கட்ட வேண்டும், அங்கேதான் வழுக்குகிறார்கள்.

—

பதில்: வக்கீல் குமாஸ்தா, மதுரை

சகோதரிக்கு வணக்கம். நான் வக்கீல் இல்லை, விபத்து வழக்கு பார்க்கும் ஆபீசில் 14 வருடமாகக் கேஸ் கட்டுத் தூக்குகிறவன். காரை சர்வேயர் ஐயா பார்த்துக்கொண்டார். நான் அம்மா கையைப் பற்றிப் பேசுகிறேன்.

எஃப்.ஐ.ஆர். போடுங்கள். பையன் ஜெயிலுக்குப் போய்விடுவான் என்று அம்மா பயப்பட வேண்டாம், இது ஜாமீனில் விடக்கூடிய பிரிவுதான். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு முதல் முறை 2,000 அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. நான் பார்த்தவரை அபராதம்தான். மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பியும் (விபத்துப் பதிவேட்டின் நகல்) காயச் சான்றும் வாங்கி வையுங்கள். ஏ.ஆர். காப்பியில் 'கார் விபத்து' என்று மட்டும் இருக்கிறதா, இடித்த வண்டியைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். எதிர்த்தரப்பு முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

நஷ்டஈட்டு மனுவை விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் போட வேண்டும். 2022 ஏப்ரலில் வந்த மாற்றம் இது. பலர் பேசிக்கொண்டே இருந்து இதைக் கோட்டை விடுகிறார்கள்.

இல்லாதவரிடம் என்ன கிடைக்கும் என்று கேட்டீர்கள். தாராபுரத்துக்காரரை மறந்துவிட்டீர்களே. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று அவர் நினைத்திருப்பார். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், அவர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. அவரையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பார்கள்.

லைசென்ஸ் இல்லாத கேஸில் இடித்த வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனியைக் கொடுக்கச் சொல்லி, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்வார்கள். அந்தச் சலுகை இங்கே கிடையாது, பாலிசியே இல்லையே. தீர்ப்பு வந்தும் கொடுக்கவில்லை என்றால் தீர்ப்பாயம் கலெக்டருக்குச் சான்று அனுப்பும், நிலவரி பாக்கி மாதிரி வசூலிப்பார்கள். நடக்கும், ஆனால் செருப்புத் தேயும்.

இன்னொரு வழி மோட்டார் வாகனச் சட்டம் 164-வது பிரிவு. யார் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை, கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். எலும்பு முறிவு கொடுங்காயம்தான். உங்கள் கார் பாலிசி முழு பாலிசி என்பதால் உங்கள் கம்பெனியையும் சேர்க்க முடியுமா என்று வக்கீலிடம் கட்டாயம் கேளுங்கள். அதை வாங்கிக்கொண்டால் பெரிய தொகை கேட்கும் மனு விழுந்துவிடும், அதையும் சேர்த்துக் கேளுங்கள். கட்டணத்துக்குப் பயந்தால் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

—

பதில்: பழைய ஸ்பிளெண்டர், பொள்ளாச்சி

நான் அந்தப் பையன் இடத்தில் இருந்தவன், அதனால் எழுதுகிறேன். திட்டினாலும் பரவாயில்லை.

ஏழெட்டு வருடம் முன்பு, செகண்ட் ஹேண்டில் வாங்கிய பைக், இன்சூரன்ஸ் முடிந்து நாலு மாதம். சந்தைக்கு வந்த ஒரு பாட்டியை இடித்துவிட்டேன், இடுப்பு எலும்பு. என் அப்பாவும் இதே மாதிரிதான் போனார், பழத்துக்குப் பதிலாக ஹார்லிக்ஸ். பாட்டி வீட்டில் வாங்கவில்லை. கேஸ் நடந்தது. வண்டி ஸ்டேஷனில் துருப்பிடித்தது. கடைசியில் மக்கள் நீதிமன்றத்தில் 1,40,000-க்கு முடிந்தது, மூன்று தவணை. அம்மாவின் வளையல் போனது. அன்றைக்குக் கோபம் இருந்தது. இன்றைக்கு இல்லை.

குட்டி யானைக்கு மூன்றாம் நபர் பிரீமியம் மட்டும் 16,049, மேலே வரி. பைக் மாதிரி ஆயிரத்துச் சொச்சம் இல்லை. 'மறந்துட்டோம்' என்று சொல்வார்கள். யாரும் மறக்கவில்லை, ஒரு டயரா இன்சூரன்ஸா என்று வரும்போது டயர் ஜெயிக்கும். அவர் கொண்டு வந்த 15,000 ஏப்ரலில் கட்டாத பிரீமியம்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை, கேஸ் போடுங்கள், ஆனால் பேச்சை நிறுத்தாதீர்கள். தவணையில் ஒத்துவந்தால் மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்ளலாம். அங்கே முடிந்தால் அது தீர்ப்பு மாதிரி, யாரும் பின்வாங்க முடியாது. வீட்டுத் திண்ணையில் எழுதுவது அப்படி இல்லை. ஒன்று கவனியுங்கள், இப்போது அவசரமாக ஒரு பாலிசி எடுத்து வந்து காட்டினாலும் காட்டுவார்கள். என்னிடமும் ஒரு ஏஜென்ட் அப்படிச் செய்யலாம் என்றார். அன்றைக்கு எம்பரிவாகனில் பார்த்ததை ஸ்கிரீன் ஷாட் எடுத்திருக்கிறீர்களா?

—

நூல்கண்டு, திருப்பூர் (இரண்டு வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. ஸ்கிரீன் ஷாட் இருக்கிறது, தேதியும் மணியும் தெரிகிறது, 5.12.

எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்று. அதை நானே பையனின் அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன், ஸ்டேஷனிலிருந்து தெரிய வேண்டாம் என்று. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "சரிங்க அம்மிணி, அம்மாவுக்கு வலி பரவாயில்லீங்களா?" என்றார். போனை வைத்த பிறகு அரை மணி நேரம் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

சர்வேயர் வந்து பார்த்தார், 45,300 ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஈரோட்டு ஐயா சொன்னதற்கு 800 குறைவு. ஏ.ஆர். காப்பியில் 'டெம்போ மோதி' என்று எழுதியிருந்தது, தப்பித்தோம். திருப்பூரில் ஒரு பெண் வக்கீலைப் பார்த்தோம், 166-ல் (தப்பை நிரூபித்துப் பெரிய தொகை கேட்கும் பிரிவு) போகலாம் என்கிறார். தாராபுரத்துக்காரர் போனில் என்னைத்தான் கத்தினார். மறுநாள் பையனின் அப்பாவோடு சேர்ந்து வக்கீல் ஆபீசுக்கு வந்து, ஆளுக்குப் பாதி தவணையாகக் கொடுத்தால் முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

குட்டி யானை இன்னும் ஸ்டேஷனில்தான். பிணைத் தொகை கட்டினால்தான் விடுவார்களாம். அதில் இருந்த தேங்காயை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். நேற்று சாயந்திரம் அந்தப் பையனே வந்து பத்துத் தேங்காயை வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான், நான் ஆபீசில் இருந்தேன். அம்மா வாங்கி வைத்துவிட்டார். ஒற்றைக் கையால் துருவ முடியவில்லை என்று இப்போது என்னைத் துருவச் சொல்கிறார். இதனால் கேஸுக்கு ஏதாவது பாதகம் வருமா, குமாஸ்தா அண்ணா?

—

பதில்: வக்கீல் குமாஸ்தா, மதுரை

வராது. ரசீது மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.