"மெசின் சொல்லுது" என்றால் யாரிடம் கேட்பது? ஏஐ பற்றி எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

தலவாக்கலைத் தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் ஒன்பது பிள்ளைகளோடு ஞாயிறு காலையில் ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். அடுத்ததாக செயற்கை நுண்ணறிவு, தொழில்நுட்பம், அதில் எது நியாயம் எது அநியாயம் என்று பேசும் புத்தகம் ஒன்றை எடுக்க ஆசை. ஆங்கிலமானாலும் பரவாயில்லை, நான் படித்துச் சொல்லிவிடுவேன்.

ஆசை வந்த காரணம் அம்மா. அவர் கொழுந்து எடுக்கும் தேயிலைத் தோட்டத்தில் இப்போது மின்தராசு. முன்பு கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சாக்குக்கு, தண்ணிக்கு என்று கணக்கப்பிள்ளை கிலோ கழிப்பார், பொம்பளைகள் விடமாட்டார்கள், "மழையே இல்லையே ஐயா, என்ன தண்ணி?" என்று சத்தம் போடுவார்கள், சில நாள் ஒரு கிலோவாவது திரும்பி வரும். இப்போது கழிவு தானாக விழுகிறது. போன வாரம் நல்ல வெயில் நாளில் 2 கிலோ குறைந்ததைக் கேட்டதற்கு, "அது மெசினில வர்றது, என்கிட்ட கேட்டு என்ன செய்ய" என்று பதில். அம்மா வீட்டுக்கு வந்து கூடைக் கயிற்றைக்கூட இறக்காமல், "அப்ப யார்கிட்டடா கேக்குறது?" என்றார். அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் நிற்கும் புத்தகம் வேண்டும். ரோபோ உலகத்தைப் பிடிக்கும் கதை இப்போதைக்கு வேண்டாம்.

ஹட்டன் அக்கா:
தம்பி, கேத்தி ஓநீல் 2016இல் எழுதிய 'வெப்பன்ஸ் ஆஃப் மேத் டிஸ்ட்ரக்‌ஷன்' எடுங்கள். கணிதம் படித்து, வோல் ஸ்ட்ரீட் வேலைக்குப் போய், அங்கே பார்த்தது பிடிக்காமல் வெளியே வந்தவர். தொடக்கத்திலேயே வாஷிங்டன் ஆசிரியை ஒருவரின் கதை வரும். தலைமையாசிரியரும் பெற்றோரும் நல்ல ஆசிரியை என்கிறார்கள், ஆனால் பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளியை வைத்து ஒரு கணக்கு போட்ட மதிப்பெண் குறைந்துவிட்டதால் வேலை போகிறது. அந்த மதிப்பெண் எப்படி வந்தது என்று அவருக்குச் சரியாக விளக்க ஆளில்லை. உங்கள் அம்மாவின் 2 கிலோ அப்படியே அங்கே இருக்கிறது. அமெரிக்க உதாரணங்கள் நிறைய, சிலதைத் தாண்டிவிடலாம்.

மஸ்கெலியா வாசகன்:
அக்கா சொன்னது சரி, ஆனால் நான் அர்சுலா ஃபிராங்க்ளினின் 'த ரியல் வேர்ல்ட் ஆஃப் டெக்னாலஜி'யைத்தான் முதலில் வைப்பேன். 1989இல் கனடா வானொலியில் பேசிய உரைகள், அதனால் சத்தமாக வாசித்தால் காதில் நிற்கும், வட்டத்துக்கு நல்லது. அவர் உலோகவியல் பேராசிரியர். ஒரு பானையை முதலிலிருந்து கடைசிவரை தன் கையாலேயே செய்பவர் ஒருபக்கம், பண்டைய சீனத்தில் வெண்கலம் வார்த்தபோது போல வேலையைத் துண்டு துண்டாக வெட்டி, ஆளுக்கொரு துண்டு கொடுத்து, முழுதும் மேலே ஒருவர் கையில் இருப்பது இன்னொரு பக்கம் என்று பிரிக்கிறார். இரண்டாவது வகையில் வேலை மட்டும் நடப்பதில்லை, சொன்னதைக் கேட்கும் பழக்கமும் வளர்கிறது என்பார். அதைப் படித்தபோது எனக்கு எங்கள் மலை, மடுவம், ஃபேக்டரி மூன்றும் வரிசையாகக் கண்ணில் வந்தன. கணினி அதைத் தொடங்கவில்லை, ஏற்கெனவே இருந்ததைத் தொடர்கிறது.

பதுளைக்காரன்:
தம்பி, "ரோபோ கதை வேண்டாம்" என்று மொத்தமாகத் தள்ளாதீர்கள். ஸ்டூவர்ட் ரஸ்ஸலின் 'ஹியூமன் கம்பாட்டிபிள்' 2019இல் வந்தது, எதிர்கால ஆபத்து பற்றியதுதான், ஆனால் அடிப்படை வாதம் நம் தராசுக்கும் பொருந்தும். ஒரே இலக்கைக் கொடுத்து அதை மட்டும் கூட்டு என்று இயந்திரத்திடம் சொன்னால், நாம் சொல்ல மறந்ததெல்லாம் நாசமாகும். தராசுக்குத் தெரிந்தது எடை மட்டும்தானே. முற்றல் இலையும் கனக்கும். ரெண்டு இலை ஒரு மொட்டு என்று பார்த்துப் பார்த்து எடுக்கிற கையும், அள்ளிப் போடுகிற கையும் அதன் முன்னால் ஒன்று. மனிதருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பது தனக்கு முழுதாகத் தெரியாது என்ற எண்ணத்தோடு இயந்திரம் இயங்க வேண்டும் என்கிறார் அவர். எனக்கு அது முழு விடையாகப் படவில்லை, யாருடைய விருப்பம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது, ஆனால் பிள்ளைகள் வாதாட நல்ல இடம்.

ஹட்டன் அக்கா:
ஒன்று விட்டுப்போச்சு. ஜோசப் வைசன்பாம், 1976, 'கம்ப்யூட்டர் பவர் அண்ட் ஹியூமன் ரீசன்'. எலைசா என்ற உரையாடல் நிரலை 1966இல் எழுதியவரே, கணினியால் முடிந்தாலும் அதனிடம் விடக்கூடாத வேலைகள் உண்டு என்று எழுதிய புத்தகம். முதல் பாதியில் கணினி வேலை செய்யும் விதம் பற்றி நீளமான அத்தியாயங்கள் உண்டு, ஐசிடி (கணினிப் பாடம்) படித்த பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

தலவாக்கலைத் தம்பி:
அக்கா, அண்ணன்மாரே, ரொம்ப நன்றி. இந்த ஞாயிறு ஓநீலின் ஆசிரியை கதை, அப்புறம் நான்கு வாரம் ஃபிராங்க்ளின், சத்தமாக. முற்றல் இலை விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன், "அதை நான் வந்து சொல்றேன்" என்கிறார். போன மாதச் சம்பளச் சீட்டையும் எடுத்து வருகிறார், கழிவு எந்த வரியில் இருக்கிறது என்று பிள்ளைகளே தேடட்டும்.