லண்டன் கேசட் ஓடிய வீட்டில் லண்டன் டிவிடி ஓட மறுக்கிறது: 'யெஸ் மினிஸ்டர்' தொகுப்புக்கு உதவி தேவை

ஆர்.கே.புரம்வாசி:

அன்பர்களுக்கு வணக்கம். பழைய தொலைக்காட்சித் தொடர்களைச் சேகரிப்பதில் அனுபவம் உள்ளவர்கள் யாரேனும் வழி சொன்னால் உதவியாக இருக்கும். விஷயம் சற்று நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தந்தை மத்திய அரசில் அண்டர் செக்ரெட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவர். 1980களின் கடைசியில், லண்டனில் பணி முடிந்து திரும்பிய அவருடைய நண்பர் ஒருவர், அமைச்சர் ஒருவரையும் அவரை ஆட்டிவைக்கும் அதிகாரிகளையும் பற்றிய பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரான 'யெஸ் மினிஸ்டர்' கேசட்டுகள் நான்கைக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் வீட்டு வி.சி.ஆரில் அவை ஒரு குறையும் இல்லாமல் ஓடின. நோயாளியே இல்லாமல் 500 ஊழியர்களோடு இயங்கும் மருத்துவமனையைப் பற்றிய அத்தியாயத்தை அப்பா எத்தனை முறை பார்த்திருப்பார் என்று கணக்கே இல்லை. "இது நகைச்சுவை அல்ல, நேரடி ஒளிபரப்பு" என்பார். கேசட்டுகளுக்குக் கோப்பு எண் போட்டு, எந்த அத்தியாயம் எதில் இருக்கிறது என்று ஒரு நீள ரிஜிஸ்டரில் எழுதியும் வைத்திருக்கிறார்.

வி.சி.ஆர். எப்போதோ போய்விட்டது. சென்ற மாதம் லண்டனிலிருந்து வந்த என் அக்கா மகள், 'யெஸ் மினிஸ்டர்', 'யெஸ், பிரைம் மினிஸ்டர்' இரண்டும் சேர்ந்த முழு டிவிடி தொகுப்பைத் தாத்தாவுக்கென்று வாங்கி வந்தாள். தகட்டைப் பிளேயரில் போட்டால் சற்று நேரம் சுழல்கிறது, பிறகு திரையில் ஒரு வரிச் செய்தி வந்து நின்றுவிடுகிறது. எல்லாத் தகடுகளிலும் இதே கதைதான். பழுது பார்க்கும் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனேன்; லென்ஸ் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். லென்ஸ் மாற்றி, பணமும் கொடுத்து வந்த பிறகும் அதே செய்திதான்.

லண்டனில் வாங்கிய கேசட் இங்கே ஓடும், லண்டனில் வாங்கிய டிவிடி ஓடாது என்றால் அதில் என்ன நியாயம்? அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகன், வேண்டுமானால் அங்கிருந்து வேறு தொகுப்பு வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறான். வாங்கச் சொல்லலாமா?

இன்னொரு சிக்கல்: அப்பாவின் ரிஜிஸ்டரில் மொத்தம் 38 அத்தியாயங்கள். நான் பெட்டியில் எண்ணியபோது 37தான் வருகிறது.

தகட்டுப் பிரியன், மயூர் விஹார்:

வணக்கம். பணம் செலவழிக்கும் முன் மூன்று விவரங்கள் சொல்லுங்கள். திரையில் வரும் செய்தியில் 'ரீஜன்' (பிராந்தியம்) என்ற சொல் இருக்கிறதா? பெட்டியின் பின்பக்கத்தில் சிறிய உலக உருண்டைச் சின்னத்தின் நடுவே என்ன எண் அச்சாகியிருக்கிறது? வீட்டில் இருக்கும் ஏதாவது தமிழ்ப் படத்தின் டிவிடி அதே பிளேயரில் ஓடுகிறதா?

ஆர்.கே.புரம்வாசி:

ஆம் ஐயா, 'ராங் ரீஜன்' என்றுதான் வருகிறது. உருண்டைக்குள் 2 என்று இருக்கிறது. தமிழ்ப் படத் தகடுகள் நன்றாக ஓடுகின்றன. மகனின் பழைய கணினியிலும் போட்டுப் பார்த்தேன். ரீஜனை மாற்றவா என்று கேட்டு, இன்னும் 1 முறைதான் மாற்றலாம் என்று எச்சரித்தது. பயந்து மூடிவிட்டேன்.

தகட்டுப் பிரியன், மயூர் விஹார்:

மூடியது நல்ல காரியம். தகட்டிலும் குறையில்லை, லென்ஸிலும் குறை இருந்திருக்காது. லென்ஸ் தேய்ந்த பிளேயர் தகட்டைப் படிக்கவே திணறும். படம் நடுவில் கட்டம் கட்டமாக உடையும். உங்கள் பிளேயரோ தகட்டைத் தெளிவாகப் படித்து, அதில் எழுதியிருக்கும் எண்ணையும் பார்த்துவிட்டுத்தான் மறுக்கிறது. இது அப்பாவின் துறைக்குப் பழக்கமான விஷயம்: மனு சரியாகவே இருக்கிறது, ஆனால் உரிய அலுவலகத்துக்கு வரவில்லை என்று திருப்பி அனுப்புவதைப் போன்றது.

கேசட் ஏன் ஓடியது என்ற கேள்விக்கு வருகிறேன். வி.எச்.எஸ். கேசட்டுக்கு ஊர் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வண்ண ஒளிபரப்பு முறை மட்டுமே. பிரிட்டனும் இந்தியாவும் 'பால்' (PAL) என்ற முறையைப் பின்பற்றியவை. 625 வரிகள், நொடிக்கு 25 படங்கள். ஒலியை வானில் அனுப்பும் விதத்தில் இரு நாடுகளுக்கும் சிறு வேறுபாடு உண்டு என்றாலும் அது ஆன்டெனா வழியாக வரும்போதுதான் குறுக்கிடும்; கேசட்டில் பதிந்திருப்பதை அது பாதிக்காது. ஆகவே உங்கள் அப்பாவின் கேசட்டுகள் தில்லியில் ஓடியது இயல்பு.

டிவிடி வந்தபோது, அந்த வண்ண முறைக்கு மேல் இன்னொரு பூட்டையும் மாட்டினார்கள். ஒரே படம் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு மாதத்தில் திரையரங்குக்கு வருவதால், ஒரு நாட்டுத் தகடு இன்னொரு நாட்டுக்குப் போய் அங்கே வசூலைக் கெடுத்துவிடக் கூடாது என்பது ஸ்டுடியோக்களின் கவலை. அதற்காக உலகத்தைப் பங்கு பிரித்து எண் கொடுத்தார்கள். அமெரிக்காவும் கனடாவும் 1. பிரிட்டன் உள்ளிட்ட மேற்கு ஐரோப்பாவும் ஜப்பானும் 2. நாம் ரஷ்யாவோடும் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியோடும் சேர்ந்து 5. 1980களிலேயே ஒளிபரப்பாகி முடிந்த ஒரு தொடருக்கு இந்தப் பூட்டு எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். உங்கள் தமிழ்ப் படத் தகடுகள் ஓடுவதற்குக் காரணம், அவற்றில் பெரும்பாலானவை எல்லாப் பிராந்தியங்களுக்கும் பொதுவாக அச்சிடப்படுவதுதான்.

செய்ய வேண்டியவை: முதலில் பிளேயரின் மாடல் எண்ணை வைத்து, ரிமோட் வழியாக ரீஜனைத் திறக்கும் மறைவு மெனு அந்த மாடலுக்கு உண்டா என்று தேடுங்கள். பல பிளேயர்களில் செட்டப் பக்கத்துக்குப் போய்ச் சில எண்களை வரிசையாக அழுத்தினால் அந்த மெனு திறக்கும். அதில் 0 அல்லது 'ஆல்' என்று வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. உங்கள் மாடலில் அந்த வசதி இல்லையென்றால், எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் ஒன்றை வாங்குங்கள். கடையில் சொல்லும் வாக்குறுதியை நம்பாமல், உங்கள் தகடு ஒன்றைக் கையில் கொண்டுபோய், போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

கணினி டிரைவின் அந்தக் கடைசி மாற்றத்தைத் தொடாதீர்கள். கணினி டிரைவ்கள் மொத்தம் 5 முறைதான் ரீஜன் மாற்ற அனுமதிக்கும். அதன் பிறகு கடைசியாக வைத்த எண்ணிலேயே உறைந்துவிடும். விண்டோஸைத் திரும்ப நிறுவினாலும் பயனில்லை, ஏனெனில் கணக்கு டிரைவின் உள்ளேயே இருக்கிறது. கணினியில் பார்ப்பதுதான் வசதி என்றால், யு.எஸ்.பி.யில் செருகும் வெளி டிரைவ் ஒன்றை வாங்கி, அதை 2 என்று ஒரே முறை வைத்து, லண்டன் தகடுகளுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

பழைய நாடா, லோதி காலனி:

அமெரிக்கத் தொகுப்பைப் பற்றி ஒருவரும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். வேண்டாம் என்று அத்தை மகனிடம் சொல்லிவிடுங்கள். அதிலும் பூட்டு இருக்கும், எண் மட்டும் 1. அதைவிட முக்கியமான காரணம் படத்தின் தரம். இந்தத் தொடர் பெரும்பாலும் ஸ்டுடியோவில், பார்வையாளர்களை அமர்த்தி, பால் முறை வீடியோ நாடாவில் பதிவானது. அமெரிக்கத் தகட்டுக்காக அதை அந்நாட்டின் என்.டி.எஸ்.சி. முறைக்கு மாற்றும்போது, 625 வரிகளில் படமாகத் தெரியும் 576 வரிகள் 480 ஆகக் குறைகின்றன. நொடிக்கு 25 படங்களை ஏறத்தாழ 30 ஆக இழுத்துப் பிடிப்பதால், யாராவது வேகமாகத் திரும்பினால் உருவத்தின் பின்னால் நிழல்போல ஒன்று தொடரும். உங்களிடம் இருக்கும் லண்டன் தொகுப்பு மூலத்துக்கு மிக நெருக்கமானது. அதைவிட்டு வேறொன்றைத் தேட வேண்டியதில்லை.

ப்ளூ-ரே வந்தால் இன்னும் தெளிவாக இருக்குமே என்று யாராவது சொன்னாலும் அவசரப்படாதீர்கள். 625 வரி நாடாவில் இல்லாத நுணுக்கத்தை எந்தத் தகடும் கொண்டுவர முடியாது. திரைப்படச் சுருளில் எடுத்த தொடர் என்றால் கதை வேறு. 1951இல் தொடங்கிய அமெரிக்கத் தொடர் 'ஐ லவ் லூசி' 35 எம்.எம். சுருளில் எடுக்கப்பட்டதால், அதைவிட இருபத்தொன்பது ஆண்டு இளைய 'யெஸ் மினிஸ்ட'ரைக் காட்டிலும் இன்றைக்குக் கூர்மையாகத் தெரியும். சேகரிக்கிறவர்களுக்கு வயிறு எரியும் செய்தி, ஆனால் உண்மை.

விடுபட்ட அத்தியாயத்துக்கு வருவோம். அப்பாவின் கணக்குதான் சரி. 'யெஸ் மினிஸ்டர்' மூன்று தொடர்கள் (சீசன்கள்), ஒவ்வொன்றிலும் 7, ஆக 21. 'யெஸ், பிரைம் மினிஸ்டர்' இரண்டு தொடர்கள், ஒவ்வொன்றிலும் 8, ஆக 16. நீங்கள் எண்ணிய 37 இதுதான். இவற்றுக்கு இடையே 1984 டிசம்பரில் ஒரு மணி நேரச் சிறப்பு அத்தியாயம் ஒன்று தனியாக வந்தது. பெயர் 'பார்ட்டி கேம்ஸ்'. அமைச்சர் ஹாக்கர் பிரதமர் ஆகும் கதை அதில்தான் நடக்கிறது என்பதால், அதை விட்டுவிட்டால் அடுத்த தொடரில் அவர் திடீரென்று பிரதமராக உட்கார்ந்திருப்பார். மூன்றாம் தொடரின் தகடுகளில் மெனுவை முழுவதும் நகர்த்திப் பாருங்கள்.

மோதிபாக் மாமி:

தம்பி, கேசட்டுகள் இன்னும் வீட்டில் இருக்கின்றனவா? இருந்தால் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்துச் சொல்லுங்கள். எங்கள் வீட்டிலும் பரணில் ஒரு பெட்டி இருந்தது. மே மாத வெப்பத்தையும் ஆகஸ்ட் புழுக்கத்தையும் மாறி மாறித் தாங்கி என்ன கதியாயிற்று என்று எனக்குத் தெரியும்.

ஆர்.கே.புரம்வாசி:

இருக்கின்றன மாமி. இரண்டு நன்றாக உள்ளன. மற்ற இரண்டில், சிறு கண்ணாடி ஜன்னல் வழியே பார்த்தால், சுற்றிய நாடாவின் மேல் கோலமாவு தூவியதுபோல வெள்ளையாகப் படிந்திருக்கிறது. நண்பர் ஒருவரிடம் வி.சி.ஆர். இருக்கிறது, போட்டு ஓட்டினால் உதிர்ந்துவிடும் என்கிறார்.

மோதிபாக் மாமி:

போடவே போடாதீர்கள். அது பூஞ்சை. ஓட்டினால் உதிரும் என்பது சரிதான், ஆனால் அந்த வி.சி.ஆரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில்தான் உதிரும். அதன்பின் அதில் போடும் நல்ல கேசட்டுகளுக்கும் தொற்றும். நாடா ஒட்டிக்கொண்டு அறுந்தும் போகலாம். வி.எச்.எஸ். இயந்திரம் தயாரித்த கடைசி நிறுவனமான ஃபுனாய் 2016இல் நிறுத்திவிட்டது என்பதால், நண்பரின் இயந்திரம் கெட்டால் புதிதாக ஒன்று வாங்கித் தரவும் முடியாது.

பூஞ்சை பிடித்த இரண்டையும் தனித்தனியாகத் தாள் உறையில் வைத்து, மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே நிற்கும். நல்ல கேசட்டுகளைப் படுக்க வைக்காமல், புத்தகம்போல நிறுத்தி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு அலமாரியில் வையுங்கள். தொடர்தான் முழுவதும் தகட்டில் வந்துவிட்டதே, கேசட்டை எதற்குக் காப்பாற்ற வேண்டும் என்று என் மருமகள் கேட்பாள். அப்பாவின் கையெழுத்தில் கோப்பு எண் ஒட்டியிருக்கிறது அல்லவா, அதற்குத்தான்.

ஆர்.கே.புரம்வாசி:

அனைவருக்கும் நன்றி. எங்கள் பிளேயருக்கு மறைவு மெனு எதுவும் கிடைக்கவில்லை. அதனால் நேற்றுத் தகடு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நேரு பிளேஸுக்குப் போனேன். முதல் இரண்டு கடைகளில் எல்லாம் ஓடும் என்று உறுதியாகச் சொன்ன பிளேயர்களில் அதே 'ராங் ரீஜன்' வந்தது. மூன்றாவது கடையில் ஓடியது, அதையே வாங்கினேன். 'பார்ட்டி கேம்ஸ்' மூன்றாம் தொடரோடுதான் இருந்தது; ஏழு எண்ணியதும் நான் நிறுத்திவிட்டதால் கண்ணில் படவில்லை.

ஒரு குறை மட்டும் இருக்கிறது. அப்பா முதல் அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு, "சர் ஹம்ஃப்ரி இவ்வளவு பருமன் இல்லையே, வேறு நடிகரா?" என்று கேட்கிறார். அந்த அதிகாரியாக நடித்த அதே நைஜல் ஹாதார்ன்தான் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார். எனக்கும் எல்லோரும் குள்ளமாகவும் அகலமாகவும்தான் தெரிகிறார்கள்.

தகட்டுப் பிரியன், மயூர் விஹார்:

அப்பாவின் கண் கூர்மையானது. தொடர் ஏறத்தாழச் சதுரமான பழைய 4:3 திரைக்காக எடுத்தது. உங்கள் தொலைக்காட்சி அதை 16:9க்கு இழுத்து நிரப்புகிறது. தொலைக்காட்சி ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றும் பொத்தானை அழுத்தி 4:3 என்று வையுங்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், அது குறையன்று. 'ஜூம்' என்பதை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள், தலையையும் மோவாயையும் வெட்டிவிடும்.

ஆர்.கே.புரம்வாசி:

வைத்தேன். ஹம்ஃப்ரி இளைத்துவிட்டார். நேற்றிரவு மருத்துவமனை அத்தியாயம் ஓடியது. அப்பா வசனங்களைப் பாத்திரங்களுக்கு முன்பாகவே சொல்லிக்கொண்டிருந்தார். முடிந்ததும் ரிஜிஸ்டரை வாங்கி, அந்த வரிக்கு எதிரே 'தகட்டில் பெறப்பட்டது, சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போட்டார். இன்னும் 37 வரிகள் காலியாக இருக்கின்றன.

பூஞ்சை பிடித்த கேசட்டுகள் இரண்டும் மாமி சொன்னபடி தாள் உறைக்குள் தனியாக இருக்கின்றன. தில்லியில் அவற்றை முறையாகச் சுத்தம் செய்து தருபவர் யாரையாவது தெரிந்தால், இந்த இழையிலேயே எழுதுங்கள்.