7 வயதுப் பையனுக்கு 16 மில்லிமீட்டர் கல்: துளை போட்டு எடுக்கலாமா?

வலங்கைமான் அப்பா:
என் மகனுக்கு இடது சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதியில் கல் இருப்பதாக ஸ்கேனில் வந்திருக்கிறது. தஞ்சாவூரில் பார்த்த டாக்டர் மினி பிசிஎன்எல் செய்யலாம், முதுகுப் பக்கம் சின்னத் துளை போட்டுக் கல்லை எடுப்பதுதான் என்கிறார். அம்மாவோ வாழைத்தண்டுச் சாறு கொடுத்தாலே கரைந்துவிடும் என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. வெளியிலிருந்தே அதிர்வலை கொடுத்து உடைக்க முடியாதா?

மன்னார்குடி அம்மா:
அண்ணா, போன சித்திரையில் என் மகளுக்கு இதேதான் செய்தோம். அவளுக்கு 9 வயது. அதிர்வலையைப் பற்றி நானும் கேட்டேன். பிள்ளைகளுக்கு அது நன்றாகவே வேலை செய்யுமாம். ஆனால் கீழ்ப்பகுதிக் கல் என்றால் உடைந்த தூள் மேலே ஏறித்தான் வெளியே வர வேண்டும், நிறைய அங்கேயே தங்கிவிடும் என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். பெரியவர்களுக்கு அந்தத் துளையில் வழக்கமாக வைக்கும் குழாய் 8 முதல் 10 மில்லிமீட்டர் அகலம். மினியில் 5, 6 மில்லிமீட்டர்தான். அதன் வழியாகக் கேமராவை விட்டு, லேசரால் உடைத்து எடுத்தார்கள். இப்போது பாவாடை கட்டும் இடத்துக்கு மேலே நகக்கண் அளவு தழும்பு, அவ்வளவுதான்.

சிறுநீர் தடையில்லாமல் இறங்க உள்ளே வைத்த ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை எடுக்க இரண்டு வாரம் கழித்து மறுபடியும் மயக்க மருந்து கொடுத்தார்கள். அதை எங்களுக்கு முன்பே சொல்லவில்லை. திரும்பவும் ஆஸ்பத்திரியா என்று அவள் அழுதது எனக்குத் தாங்கவில்லை. நீங்கள் முதலிலேயே கேட்டு, பையனிடமும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், எடுத்த கல்லைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். 24 மணி நேரச் சிறுநீரையும் பார்க்கச் சொல்லுங்கள். காரணம் தெரியாவிட்டால் கல் திரும்ப வரும். என் மகள் பள்ளிக் கழிவறைக்குப் போகப் பிடிக்காமல் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறாள். காலையில் நிரப்பிய பாட்டில் மாலையில் அப்படியே வரும். நான் அதைக் கவனிக்கவே இல்லை. பிறகு டீச்சரைப் பார்த்துப் பேசினேன்.

திருவையாறு நர்ஸ்:
வாழைத்தண்டு சாப்பிடட்டும், தப்பில்லை. ஆனால் இந்த அளவுக் கல் அதில் கரையாது. பாலை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். சாப்பாட்டில் இருக்கும் கால்சியம், கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் என்ற பொருளைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். குறைக்க வேண்டியது உப்பைத்தான்: அப்பளம், ஊறுகாய், சிப்ஸ். ஆபரேஷனுக்கு முன், கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சிறுநீர்க் கல்ச்சர் பரிசோதனை அவசியம். இடையில் குளிர்காய்ச்சல் வந்தால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப்போய்க் கேளுங்கள்.

வலங்கைமான் அப்பா:
இருவருக்கும் நன்றி. சனிக்கிழமை போகிறோம். ஸ்டென்ட் பற்றி எழுதி வைத்துக்கொண்டேன். இப்போதுதான் அவன் பையைத் திறந்து பாட்டிலைப் பார்த்தேன் அம்மா. முக்கால் பாட்டில் அப்படியே இருக்கிறது.