மான் கொம்பைக் கடிக்கக் கொடுக்கலாமா?

(செம்பூர் செல்லங்கள் குழு)

மீனா: ஒரு சந்தேகம். எங்கள் நாய் மணிக்கு ஒரு வயசு ஆகிறது. செருப்பு, சோபா, கதவு ஓரம், எதையும் விடுவதில்லை. கடையில் மான் கொம்புத் துண்டு ஒன்று காட்டினார்கள். இயற்கையானது, மாசக்கணக்கில் வரும், பல்லில் படியும் காரையும் போய்விடும் என்கிறார்கள். யாராவது கொடுத்திருக்கிறீர்களா?

பாலு அங்கிள்: தாராளமாகக் கொடும்மா. எலும்பு கடிக்காத நாய் உண்டா? எங்கள் ரூபி வருஷக்கணக்கில் கடித்தாள். நாற்றம் கிடையாது, வீடும் அழுக்காகாது.

வித்யா: மீனா, தயவுசெய்து வேண்டாம். போன மழைக்காலத்தில் நாங்கள் ஊருக்குப் போனபோது பிரவுனியை ஒரு நாய் விடுதியில் விட்டிருந்தோம். அங்கே மான் கொம்பு கொடுத்திருக்கிறார்கள். திரும்பி வந்ததும் ஒரு பக்கமாகவே மென்றான், கயிறு இழுத்து விளையாட வரவில்லை. மற்றபடி வாலாட்டல், சாப்பாடு எல்லாம் வழக்கம்போல. கொட்டாவி விட்டபோதுதான் பார்த்தேன். மேல் கடைவாயில் இருக்கும் பெரிய பல்லின் வெளிப்பக்கம் ஒரு சீவல் அப்படியே காணோம். நடுவில் குண்டூசித் தலை அளவில் ஒரு சிவப்புப் புள்ளி.

மீனா: ஐயோ! அது ரத்தமா?

வித்யா: பல்லுக்குள் இருக்கும் நரம்பும் ரத்தக் குழாயும் திறந்து கிடந்தன. அப்படியே விட்டால் கிருமி வேர் வரை இறங்கும், சீழ் கட்டி கண்ணுக்குக் கீழே வீங்கும். வேர் சிகிச்சை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பிடுங்க வேண்டும். அந்தப் பல்லுக்கு மூன்று வேர். எதைச் செய்தாலும் முழு மயக்கம் கொடுத்துத்தான். நாங்கள் பிடுங்கிவிட்டோம்.

சாந்தா மாமி: பாவம்டி அந்தக் குழந்தை. வலியைச் சொல்லக்கூடத் தெரியாது.

பாலு அங்கிள்: ரூபிக்கு ஒன்றும் ஆகவில்லையே வித்யா?

வித்யா: ரூபி தப்பித்தது சந்தோஷம் அங்கிள். எல்லா நாய்க்கும் உடையாதுதான். ஆனால் நாயின் எனாமல் நம்முடையதைவிட மெல்லியது, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த மேல் பல்லும் கீழ்க் கடைவாய்ப் பல்லும் கத்தரிக்கோல் மாதிரி உரசி வெட்டுபவை. சதையை அறுக்க அது போதும். மான் கொம்பு துளிகூட வளையாது, அதனால் முழு அழுத்தமும் பல்லுக்கே திரும்பி வருகிறது.

மீனா: அப்போது காரை போகும் என்பது பொய்யா?

வித்யா: உரசுகிற இடத்தில் கொஞ்சம் போகலாம். ஆனால் ஈறு நோய் தொடங்குவது பல்லும் ஈறும் சேருகிற ஓரத்தில். கட்டைபோல இருக்கும் பொருள் அங்கே எட்டாது.

சாந்தா மாமி: எங்கள் அப்பா வீட்டுக் கூடத்தில் பழைய கொம்பு ஒன்று மாட்டியிருக்கும். அதை அறுத்து டாமிக்குக் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். நல்ல வேளை.

கார்த்திக்: மாமி, அதைத் தொடவே தொடாதீர்கள். அதை வைத்திருக்க வனத்துறை தந்த உரிமைச் சான்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புள்ளிமான், கடமான் கொம்பை வாங்குவதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மான் கொம்பு வருஷா வருஷம் தானாக உதிரும், உண்மைதான். அதற்காக நம் மும்பையின் போரிவலி தேசியப் பூங்காவில் கிடப்பதை எடுத்து வந்துவிட முடியாது. மீனா, கடைக்காரர் வெளிநாட்டு மான் என்றால் பில்லைக் கேளுங்கள்.

மீனா: பில் எல்லாம் வேண்டாம், வாங்கவே போவதில்லை. வேறு என்னதான் கொடுப்பது? சும்மா இருக்க மாட்டான்.

வித்யா: நகத்தால் அழுத்திப் பார். பள்ளம் விழுந்தால் கொடுக்கலாம். அதாலேயே உன் முழங்காலில் தட்டினால் வலிக்கும் என்று தோன்றினால் வேண்டாம். கெட்டியான ரப்பர் பொம்மைக்குள் கொஞ்சம் தயிர்சாதம் அடைத்து ஃப்ரீசரில் வை, நாங்கள் அதைத்தான் செய்கிறோம். இப்போது எல்லாரும் வாங்கும் யாக் பாலாடைக்கட்டித் துண்டும் கல் மாதிரிதான், கவனம். ஞாயிற்றுக்கிழமை நல்லி எலும்பும் கூடாது. வெந்த எலும்பு சில்லாக உடைந்து வயிற்றைக் கிழிக்கும்.

பாலு அங்கிள்: நல்லியும் கூடாதா? சரி சரி. அப்புறம் பல்லை எப்படிச் சுத்தம் செய்வது? அதையும் சொல்லிவிடு.

வித்யா: தினமும் பிரஷ்தான் அங்கிள். மிச்ச அழுக்கு இரண்டு மூன்று நாளில் காரையாக இறுக ஆரம்பித்துவிடும். நாய்களுக்கென்று சிக்கன் வாசனையில் பேஸ்ட் வருகிறது. நம் பேஸ்ட் கூடவே கூடாது. நாய் துப்பாது, விழுங்கும். சிலதில் சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் இருக்கும், அது நாய்க்கு விஷம். முதலில் விரலில் பேஸ்ட்டைத் தடவி நக்க விடுங்கள். அப்புறம் உதட்டை லேசாகத் தூக்கி மேல் பற்களின் வெளிப்பக்கம் மட்டும் தேய்த்தால் போதும். வாயைப் பிளக்க வேண்டியதில்லை.

மீனா: இப்போதுதான் மணியின் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இடது பக்கம் ஒரு பல் லேசாகச் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. போட்டோ போடுகிறேன்.

வித்யா: அது காரை மாதிரி இல்லை மீனா. உள்ளே அடிபட்ட பல் அப்படி நிறம் மாறும். எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். நாளைக்கே டாக்டரிடம் காட்டு, நானும் கூட வருகிறேன்.

மீனா: சரி அக்கா. காலையில் போன் செய்து நேரம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.