மூடின குவாரியைச் சுத்தி இருக்கிற கிணத்துத் தண்ணியைச் சோதிக்கணுமா?

ஒருபோகக்காரன்
மேலூர் பக்கம் எங்க ஊர்ல ஒரு கிரானைட் குவாரிப் பள்ளத்தை மண்ணும் வேஸ்ட் கல்லும் கொட்டி மூடி, மேல வேம்பும் புங்கையும் நட்டுட்டாங்க. "சீரமைக்கப்பட்டது"ன்னு போர்டும் நிக்குது. ஆனா சுத்தி இருக்கிற கிணத்துல தண்ணி மாறிருச்சுன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. மே 1 கிராம சபையில ஒரு தீர்மானம் கொண்டுவரலாம்னு இருக்கோம்: 5 வருசத்துக்குக் கிணறு, போர் எல்லாத்துலயும் தண்ணி சோதிக்கணும், செலவு குத்தகை எடுத்தவரோடது. என்ன சொல்றீங்க?

கல்லுளி
வெட்டிச் செலவு தம்பி. நான் இந்தத் தொழில்ல இருந்தவன், அதை முதல்லயே சொல்லிர்றேன். இது என்ன நிலக்கரியா? அங்க பைரைட்டுன்னு இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் இருக்கும். தோண்டிப் போட்ட மண்ணுல அது காத்தும் தண்ணியும் பட்டுக் கந்தக அமிலமாகி, இரும்பு, மாங்கனீசையெல்லாம் கரைச்சு இழுத்துட்டு வரும். மூடினப்புறமும் அது நிக்காது. அங்க வருசக்கணக்கா பாக்கணும், ஒத்துக்கிறேன். நம்ம கல்லுல என்னத்தக் கரைய இருக்கு? உப்புத்தண்ணி எங்கப்பா காலத்துலயே இருந்துச்சு. அந்தக் காசுல கண்மாயத் தூர்வாருங்கப்பா.

கேணிமேடு
குவாரி ஆளு கண்மாய் தூர்வாரச் சொல்றாரு, நல்லாருக்கு! 2014ல ஹைகோர்ட்டு கிரானைட் முறைகேட்டை விசாரிக்க ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயத்தை ஆணையரா போட்டு, 2015ல அவரு அறிக்கை குடுத்தாரே, கண்மாயும் ஓடையும் அழிஞ்ச கதை எல்லாருக்கும் தெரியும்ணே.

கல்லுளி
அது முறைகேடா வெட்டின கேசு. இங்க பேச்சு தண்ணியில என்ன கலந்திருக்குன்னு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க.

சோதனைக்குழாய்
தண்ணி லேப்ல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவள் நான். ரெண்டு பேர் சொல்றதும் எனக்கு முழுசா ஒப்பலை. அமிலத் தண்ணி இங்க வராது, அதுல அண்ணன் சொல்றது சரி. ஆனா பயம் கல்லுல இல்லை, பள்ளத்துல என்ன கொட்டினாங்கங்கிறதுல இருக்கு. வேஸ்ட் கல்லும் செம்மண்ணும் மட்டும்னா பெரிசா ஒண்ணுமில்லை. இடிச்ச கட்டட மண்ணுன்னா கடினத்தன்மையும் சல்பேட்டும் ஏறலாம். ஊர்க்குப்பைன்னா உள்ள அழுகி ஆக்சிஜன் தீர்ந்து, மண்ணுல கிடக்கிற இரும்பும் மாங்கனீசும் கரையும், அம்மோனியாவும் வரும். டிடிஎஸ் மீட்டர் இதுல எதையும் பிரிச்சுக் காட்டாது, மொத்தக் கரைசலுக்கு ஒரு உத்தேச நம்பர் மட்டும் தரும்.

தம்பி, உங்க தீர்மானத்துலயும் ஓட்டை இருக்கு. சரிவுக்கு மேல, பள்ளத்துத் தண்ணி எட்டாத ஒரு கிணத்தையும் சேர்த்துச் சோதிக்கலைன்னா, எந்த ரிப்போர்ட் வந்தாலும் அண்ணன் "இது ஆதியிலயே இப்படித்தான்"னு சொல்லிருவாரு. பதில் இருக்காது. ஃப்ளோரைடைப் பாருங்க: குடிதண்ணிக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேற வழியில்லைன்னா 1.5 வரைங்கிறது ஐ.எஸ். 10500, அதாவது குடிதண்ணிக்கான இந்தியத் தர விதி. இந்தப் பாறை நாட்டுல குவாரியே இல்லாத ஊர்லயும் அது தாண்டும். அதைக் குவாரி தலையில கட்டினா கேசு அங்கயே செத்துரும்.

கேணிமேடு
நைட்ரேட்டு? வெடிமருந்துல வருமாமே.

சோதனைக்குழாய்
வரும். அமோனியம் நைட்ரேட் வெடிக்காம மிஞ்சினா தண்ணியில கரைஞ்சு போகும். வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம், அதுக்கு மேல சலுகை கிடையாது.

கல்லுளி
மேடம், அது ஜல்லிக் குவாரிக் கதை. பாளம் எடுக்கிற இடத்துல வெடியைப் போட்டா கல்லே விண்டு போகும், வயர் ரம்பத்துல அறுத்துத்தான் எடுப்போம். அந்த வயக்காட்டுல யூரியா கொட்டலையா? கக்கூஸ் தொட்டி இல்லையா?

சோதனைக்குழாய்
நியாயம்தான், பாளக் குவாரியில வெடி கம்மி. தொட்டித் தண்ணின்னா நைட்ரேட்டோட குளோரைடும் சேர்ந்து ஏறும், வெடிமருந்துல குளோரைடு இல்லை. அதை வச்சு ஓரளவு பிரிக்கலாம். யூரியாவைப் பிரிக்கிறது கஷ்டம். மேட்டுக் கிணத்துப் பக்கமும் வயல் இருந்தா அந்தச் சண்டையும் தீரும்.

இன்னொண்ணு. இங்க தண்ணி பாறை வெடிப்பு வழியா ஓடுது. பள்ளத்துக்குப் பக்கத்து போர் சுத்தமா இருக்கும், அங்கிட்டுத் தள்ளி இருக்கிறதுல கெட்ட தண்ணி வந்து நிக்கும். அதனால கிட்டக்க இருக்கிறதை மட்டும் எடுக்காதீங்க. சித்திரை வெயில்ல ஒரு தடவை, ஐப்பசி, கார்த்திகை மழை முடிஞ்சு தையில ஒரு தடவை. போர்ல மோட்டாரைப் போட்டதும் பிடிக்கக் கூடாது, தேங்கின தண்ணி போயி புதுத்தண்ணி வரணும். இரும்பு, மாங்கனீசுக்கு வடிகட்டி நைட்ரிக் அமிலம் விட்டுத் தனிப் பாட்டில். இல்லைன்னா லேப்புக்குப் போறதுக்குள்ள அடியில படிஞ்சிரும், ரிப்போர்ட் "நல்ல தண்ணி"ன்னு வரும்.

ஒருபோகக்காரன்
5 வருசம் போதுமா மேடம்?

சோதனைக்குழாய்
அமெரிக்காவுல நிலக்கரிக்கு 1977லயே சட்டம் போட்டாங்க. செடி நட்டு முடிச்சப்புறம் 5 வருசம் பொறுப்பு, வருசத்துக்கு 26 அங்குலமோ அதுக்குக் குறைவாவோ மழை பெய்யிற இடத்துல 10 வருசம். சுரங்கக்காரர் கட்டின வைப்புத்தொகையைத் திருப்பிக் குடுக்கிற வரைக்கும் நிலத்தடி நீரைக் கண்காணிக்கணும். நம்ம பக்கம் 5 வச்சுக்கலாம். ஆனா வறட்சி வந்து பள்ளத்துல தண்ணியே ஊறலைன்னா அந்த வருசத்தைக் கணக்குல சேர்க்கக் கூடாதுன்னு எழுதிக்குங்க.

கல்லுளி
எழுதிக்குங்க, ஆனா ரெண்டு நிபந்தனை. சாம்பிள் எடுக்கிறப்ப குத்தகைக்காரர் தரப்புல ஒருத்தர் நிக்கணும், இன்னொரு பாட்டில் வேற லேப்புக்குப் போகணும். என்ன கொட்டினோம்னு நாங்களும் எழுதித் தர்றோம்.

கேணிமேடு
லோடு பில்லோட தருவீகளா?

கல்லுளி
பில்லு எல்லாத்துக்கும் இருக்காது.

ஒருபோகக்காரன்
அதைத்தானண்ணே கேக்குறோம். இன்னொரு சிக்கல்: சரிவுக்கு மேல இருக்கிற ஒரே கிணறு குத்தகைக்காரர் மச்சான் தோப்புக்குள்ள இருக்கு, கேட்டு பூட்டியிருக்கு. சாவி கேட்டு ஆள் அனுப்பியிருக்கேன். தரலைன்னா அங்கிட்டு ஊராட்சி புறம்போக்குல புதுசா ஒரு போர் போடணும், அந்தச் செலவையும் தீர்மானத்துல சேர்க்கிறேன்.