புதுப்பிப்பு: புளோரிடாவில் வந்த ரோபோ அழைப்புகள் நின்றுவிட்டன

கார் காப்பீடு விற்கும் பதிவுக்குரல் தினமும் தொல்லை செய்கிறது என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

விற்பனை அழைப்பு வேண்டாம் என்பவர்கள் பதிந்துகொள்ளும் அமெரிக்காவின் தேசிய 'அழைக்காதே' பட்டியலில் எண்ணைப் பதிந்தேன். அது நடைமுறைக்கு வர 31 நாள் வரை ஆகலாம், அழைப்பு குறையவில்லை. எண்களைத் தடுத்தும் பயனில்லை, தினம் புது எண். பலன் தந்தது, தேதி நேரத்தோடு குறித்து வைத்துக் கடிதம் எழுதச் சொன்ன அண்ணனின் யோசனைதான். குழந்தையைத் தூங்க வைத்த கையோடு இரவு 8.47க்கு ஒலித்தது முதல் எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். புளோரிடாவின் 2021 சட்டத் திருத்தப்படி எழுத்துபூர்வ சம்மதமில்லாமல் பதிவுக்குரலில் விற்கக் கூடாது, மீறினால் அழைப்புக்கு 500 டாலர் கேட்டு வழக்குப் போடலாம்; இரவு 8 மணிக்கு மேலும் கூப்பிடக் கூடாது. இதையெல்லாம் குறிப்பிட்டு, அழைத்த நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பினேன்.

எதிர்பாராதது அவர்கள் பதில்தான்: விலை ஒப்பிடும் ஒரு தளத்தில் நானே சம்மதப் பெட்டியை டிக் செய்திருக்கிறேன்! அப்புறம் சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக மறுபடி எழுதினேன். பன்னிரண்டு நாளாக ஓர் அழைப்பும் இல்லை.